பெயரில்லா அங்கதமும் சொத்துரிமையும்: மருமக்கள்வழி மான்மியம் குறித்து ஒரு மறுவாசிப்பு

'மருமக்கள்வழி மான்மியம்' 1917, 1918ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' இதழில் தொடராக வெளிவந்தபோது அதில் ஆசிரியர் பெயர் இடம்பெறவில்லை. எழுதியவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. நூல்வடிவம் பெற்றது 1942இல்தான். இடைப்பட்ட காலத்தில், 1926இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றிவிட்டது. எந்த வழக்கத்தை எதிர்த்து எழுந்ததோ அவ்வழக்கம் சட்டத்தால் திருத்தப்பட்ட பின்னரே நூல் ஆசிரியர் பெயரோடு வாசகர் கைக்கு வந்தது. 'நகைச்சுவை நூல்' என்ற அளவில் இது இன்றும் பேசப்படுவதற்கு இக்காலவரிசையும் ஒரு காரணமாகலாம். கவிமணியின் பெயரோடு படிப்பவர்க்கு இது ஒரு கவிஞரின் நகைத்திறன். 1917இல் படித்தவர்க்கோ தம் வீட்டு வழக்கு.

தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகைப்படுத்தும். இந்நூல் இரண்டிற்கும் இடையே நிற்கிறது. தலைப்பிலுள்ள 'மான்மியம்' பெருமை கூறுவது. தல புராணங்களுக்குரிய சொல். ஆக, தலைப்பு பழியைக் கரக்கிறது. உள்ளே நுழைந்தால் பழி வெளிப்படை. படலப் பெயர்களிலும் இந்த இருமுகம் உண்டு. 'குலமுறை கிளத்து படலம்' கம்பனின் பாலகாண்டத்தில் உள்ள பெயர். அங்கே இராமனின் குலப்பெருமை சொல்லப்படுகிறது; இங்கே பெற்ற பிள்ளையை விட்டு உடன்பிறந்தாள் மகனுக்குச் சொத்தைக் கொடுக்கும் குலத்தின் முறை. 'நாகாஸ்திரப் படலம்', 'கருடாஸ்திரப் படலம்' என்பன யுத்தகாண்டத்தை நினைவூட்டுகின்றன. 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்னும் தலைப்போ காப்பியத்திலிருந்து நேரே வழக்குமன்றத்தில் வந்து இறங்குகிறது. 'கோடு' நீதிமன்றத்தைக் குறிக்கும் நாஞ்சில் வழக்கு. தலைப்பே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறது.

பெயரின்மையை ஆசிரியரின் அச்சம் என்று மட்டும் கொள்வது போதாது. அவரும் அதே சமூகத்தவர்; திருவிதாங்கூரில் ஆசிரியப் பணியாற்றியவர். அச்சத்திற்கு இடமுண்டுதான். ஆனால் பெயர் விடுபட்டதால் நூலுக்குள் வேறொரு பயன் விளைந்தது. கதை சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. ஆண் ஆசிரியரின் பெயர் முகப்பில் இல்லாதபோது அவள் குரலுக்கும் வாசகருக்கும் இடையே எவரும் நிற்பதில்லை. 1942ஆம் ஆண்டுப் பதிப்பு ஆசிரியரை மீட்டது. அந்த நேரடித் தன்மையை இழந்தது.

எனினும் அக்குரல் எல்லாப் பெண்களின் குரலும் அன்று. மருமக்கள் வழியில் தாய்வழிக் குடும்பத்துப் பெண்களுக்கு ஓர் உரிமைநிலை இருந்தது. நூலில் அவர்கள் பெரும்பாலும் கொடுமைக்காரிகளாகவே வருகின்றனர். 'மாமி அரசியற் படலம்' என்ற பெயரே போதிய சான்று. மனைவி, மக்கள் ஆகியோரின் துயர் உண்மை. அத்துயரை நிறுவுவதற்காக மற்றொரு பெண்ணின் வாய் அடைக்கப்படுகிறது. அங்கதத்திற்கு எதிரி தேவை என்பது ஒப்புக்கொள்ளத்தக்கதே; ஆயினும் ஆய்வாளர் அவ்வெதிரியின் பக்கத்தையும் கேட்டாக வேண்டும்.

இவ்விடத்தில் விருதுநகரை ஒப்பிடுவது பயன்தரும். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. மூன்றாம் மாநாடு 1931இல் விருதுநகரில் நடைபெற்றது. அவ்வியக்கத்தின் 'குடி அரசு' இதழிலும் அங்கதம் உண்டு. பெரியார் 'சித்திரபுத்திரன்' என்ற புனைபெயரில் எழுதினார். ஆனால் அது பெயரின்மை அன்று, முகமூடி. முகமூடிக்கு ஒரு முகவரி உண்டு. அடுத்த இதழிலும் அதே ஆள் வருவார் என்று வாசகர் எதிர்பார்க்கலாம். மான்மியத்தின் ஐந்தாம் மனைவிக்கு அத்தகைய தொடர்ச்சி இல்லை.

கோரிக்கையிலும் வேறுபாடு ஆழமானது. மான்மியத்தில் பெண் கேட்பது கணவன் வழியாகத் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் வரவேண்டிய பங்கு. சுயமரியாதை மாநாட்டின் தீர்மானம் பேசியது, யாருடைய மனைவி, யாருடைய தாய் என்ற கேள்வியின்றிப் பெண்ணுக்குரிய பங்கு. முன்னதற்கு 1926ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பின்னதற்கு, இந்து மகளிரைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவும் அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் மணமான மகளிரை விலக்கியே வந்தது.