வானம் தோண்டுமுன் ஒரு படம்

தென்காசி, குற்றாலம் பக்கம் மனை வாங்கி வீடு கட்டக் கிளம்பியிருப்பவர்களுக்கு ஒரு சிபாரிசு. வானம் தோண்டுமுன் பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988) பார்த்துவிடுங்கள்.

நம் சினிமாவில் வீடு என்பது பால் காய்ச்சும்போதுதான் ஆரம்பிக்கும். இந்தப் படம் அதுவரை போகவே இல்லை. மனை, பிளான், ஆபீஸ் கடன், செங்கல் என்று ஒரு நடுத்தர வர்க்கப் பெண்ணின் பணமும் தெம்பும் கரைவதுதான் மொத்தக் கதை. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் அரைகுறைச் சுவரைத் தடவிப் பார்ப்பாரே, அதற்குத் தனியாக ஒன்று கொடுத்திருக்கலாம்.

சிமெண்ட் திருட்டைப் போட்டு உடைப்பவள் சித்தாள் மங்கம்மா. வீட்டுக்காரிக்குத் தெரியாதது சட்டி சுமப்பவளுக்குத் தெரிகிறது. படம் உச்சத்தைத் தொடுவது இங்கேதான். குற்றாலத்தில் திருடக்கூட வேண்டாம், சாரலே போதும். ஈர மணல் உப்பி, காய்ந்த மணலைவிடக் கால் பங்கு வரை கூடுதல் இடத்தை அடைக்கும். லாரியை டேப் பிடித்து அளந்து வாங்கினால் காற்றுக்குக் காசு. எடை போட்டு வாங்கினால் தண்ணீருக்கு!

ஒரு குறை. கடைசியில் குடிநீர் வாரியம் வந்து நிலமே எங்களுடையது என்பது திடீர் இடி. அதுவரை சொட்டுச் சொட்டாக இழந்ததில் இருந்த வலி அந்த ஒரே அடியில் இல்லை.

முடிந்தால் கான்ட்ராக்டரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.