லைன் வேகம்

2022-இல் வந்த கிரான் டூரிஸ்மோ 7-ஐ நான் ஒரு வரலாற்று நூலாகவே வாசிக்கிறேன். அது தன்னை அப்படித்தான் முன்வைக்கிறது. உள்ளே ஒரு கஃபே இருக்கிறது. அங்கே கொடுக்கும் மெனுப்படி கார்களைச் சேர்த்தால், அவற்றின் கதையைச் சொல்வார்கள். வரலாறு சொல்கிறேன் என்று ஒருவர் உட்கார்ந்துவிட்டால், யாரையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று கேட்க வாசகருக்கு உரிமை உண்டு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அதில் 1968 டாட்ஜ் சார்ஜர் இருக்கிறது. 426 கன அங்குல ஹெமி எஞ்சின், ஏறத்தாழ 7 லிட்டர். கம்பெனிக் கணக்கில் 425 குதிரைத்திறன். ஆனால் அத்தனை பலத்தையும் தாங்குவது பின்னால் ஒரே கட்டையாக ஓடும் ஆக்ஸிலும் லீஃப் ஸ்பிரிங்கும். லாரிக்காரர்கள் பட்டை என்பார்களே, அதேதான். குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரமாக நின்று, லோடு ஏற்றிய லாரி திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, பிறகு நிமிர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த அமெரிக்க மசில் கார் அந்நியமே இல்லை.

ஆன்லைன் பந்தயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நவீன கார்களில் பழகியவர் கடைசி நொடியில் பிரேக் அடிப்பார். வண்டி வளைவை மதிக்காமல் நேராகப் புல்லுக்குள் போகும். ஜெயிப்பவர் முன்கூட்டியே பிரேக் பிடிப்பார். ஸ்டியரிங் நேரான பிறகுதான் ஆக்ஸிலரேட்டரில் கால் வைப்பார். இடிச்சுத் தள்ளி முந்தினால் நன்னடத்தை மதிப்பீடு குறையும். முரட்டு வண்டி பொறுமையைக் கற்றுத்தருகிறது. இந்த ஆட்டத்தின் பெரிய சாதனையே இதுதான்.

சந்தையும் உள்ளே இருக்கிறது. அரிய பழைய கார்களின் விலை, ஹாகர்ட்டி என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் நிஜ மதிப்பீடுகளை ஒட்டி ஏறி இறங்குகிறது. எடை, உராய்வு, விலை எல்லாம் சிமுலேட் ஆகிவிட்டன. அப்படியானால் என்ன விடுபட்டது?

சார்ஜர்கள் பூட்டப்பட்ட ஆலைகளில் ஒன்று, டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக்கில் இருந்த டாட்ஜ் மெயின். 1968 மே மாதம் அங்கே தொழிலாளர்கள் சங்கத்தின் அனுமதிக்குக் காத்திராமல் வேலையை நிறுத்தினார்கள். காரணம், அசெம்பிளி லைனின் வேகத்தைக் கூட்டியது. அதற்கான தண்டனை கறுப்பினத் தொழிலாளர்கள்மீதே அதிகம் விழுந்தது. அதிலிருந்து டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம் பிறந்தது. அதே ஆண்டு, அதே வண்டி. நான் முடித்த மெனுக்களில் எஞ்சின் வருகிறது, வடிவமைப்பாளர் வருகிறார், பந்தய வெற்றி வருகிறது. லைனில் நின்றவர் வரவில்லை.

வெறும் கேம்தானே, ஸ்டிரைக் கதையெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். பந்தயம் மட்டும் வைத்திருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். கஃபேயைத் திறந்து கதை சொல்ல வந்தது அவர்கள்தான். அதோடு, வேகத்தைக் கொண்டாடும் ஒரு படைப்பு, வேகத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தைத் தவிர்ப்பது சின்ன விடுபடல் இல்லை. டிராக்கில் ஒரு நொடி குறைந்தால் அது திறமை. லைனில் ஒரு நொடி குறைத்தால் அது யாரோ ஒருவருடைய தோள்பட்டை.

இதை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் விளக்க வேண்டியதில்லை. ஷிப்ட் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு சைக்கிள் டைம் என்றால் என்னவென்று தெரியும். டாட்ஜ் மெயின் 1980-இல் மூடப்பட்டது. அந்த நிலத்தை உள்ளடக்கி ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய ஆலை இன்று மின்வாகனங்கள் செய்கிறது. நம் மாவட்டத்திலும் போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் ஆலை வந்துவிட்டது. இன்னும் 50 வருடம் கழித்து அந்த ஸ்கூட்டர்களையும் யாராவது ஒரு டிஜிட்டல் கஃபேயில் வைத்து ஏக்கத்தோடு கதை சொல்வார்கள். மோட்டார், பேட்டரி, டிசைன் எல்லாம் சரியாக இருக்கும். அதைப் பூட்டிய பெண்கள் எத்தனை மணிக்கு பஸ் ஏறினார்கள் என்பதையும் அந்த மெனுவில் எழுதும் ஒருவர் நமக்கு வேண்டும். அவர் இந்த ஊர்களிலிருந்து வந்தால் நல்லது.