‘பதிப்பாசிரியர்’ என்னும் சொல்லும் 8 மதிப்பெண்ணும்: பேராசிரியர் பதவி உயர்வு விதிகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணைப்பேராசிரியர் பேராசிரியராக உயர்வதற்குப் பல்கலைக்கழக மானியக்குழு 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் வகுத்த ஆய்வு மதிப்பெண் முறை, தமிழியலின் அடிப்படைப் பணிகளான மூலபாடப் பதிப்பையும் அகராதியையும் எவ்வாறு மதிப்பிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மதிப்பெண்ணின் அளவைக் காட்டிலும் வகைப்பாட்டிலேயே குறை உள்ளது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: பதவி உயர்வு, ஆய்வு மதிப்பெண், மூலபாடப் பதிப்பு, அகராதி, தமிழியல்

முன்னுரை

பொழிச்சலூருக்கு அண்மையிலுள்ள பல்லாவரத்தில் 1911 முதல் 1950இல் மறையும் வரை மறைமலையடிகள் வாழ்ந்தார். அதற்கு முன் 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அக்கல்லூரி தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது 1937இல்தான். அடிகளின் காலத்தில் அது நகரினுள் இருந்தது. முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையும் (1903) பட்டினப்பாலை ஆராய்ச்சியுரையும் (1906) கல்லூரிப் பணிக்காலத்தில் வெளிவந்தவை. தம் ஆய்வுகளை வெளியிட 1902இல் ஞானசாகரம் என்னும் இதழையும் அவரே தொடங்கி நடத்தினார். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயப் பாடம் என்னும் நிலையை இழந்ததையொட்டிப் பணியைத் துறந்து பல்லாவரம் வந்தார். கல்லூரியின் ஏணியை விட்டிறங்கிய பின்னரே மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் (1930) போன்ற பெருநூல் வெளிவந்தது.

ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய அறிஞரை இன்றைய அளவுகோலால் அளப்பது முறையாகாது. ஆயினும் இன்றைய அளவுகோல் எதனைக் காண்கிறது, எதனைக் காணத் தவறுகிறது என்பதை அறிய அத்தகைய பணிகள் துணைசெய்கின்றன.

விதி கூறுவது

2018 ஜூலையில் அறிவிக்கப்பட்ட விதிமுறைகளின்படி, பணி மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ்ப் பேராசிரியராக உயர விரும்பும் இணைப்பேராசிரியர் அந்நிலையில் மூன்றாண்டுகள் பணிபுரிந்திருத்தல் வேண்டும். முனைவர் பட்டமும், சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு உட்பட்ட அல்லது மானியக்குழுப் பட்டியலில் இடம்பெற்ற இதழ்களில் 10 கட்டுரைகளும் தேவை. அவற்றுள் மூன்று மதிப்பீட்டுக் காலத்திற்குள் வெளிவந்திருக்க வேண்டும். இவற்றுடன் 110 ஆய்வு மதிப்பெண்ணும் கட்டாயம். நேரடி நியமனத்திற்கு இது 120.

மொழி, மானுடவியல் புலங்களில் ஒரு கட்டுரைக்கு 10. தேசியப் பதிப்பகம் வெளியிட்ட நூலின் ஆசிரியருக்கு 10, நூலின் ‘எடிட்டர்’க்கு 8, நூல் மொழிபெயர்ப்புக்கு 8. அகராதிக்கெனத் தனி வகை இல்லை.

ஒரு சொல், இரு பணிகள்

‘எடிட்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ப் புலமை மரபு இரண்டாகப் பிரித்தறியும். கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட கட்டுரைகளைத் திரட்டி முன்னுரை எழுதுபவர் தொகுப்பாசிரியர். சுவடிகளைத் தேடி, ஒப்புநோக்கி, பாடவேறுபாடுகளைக் குறித்து, சிதைந்த இடங்களில் எது மூலபாடம் எனத் துணிபவர் பதிப்பாசிரியர். விதிமுறை இருவருக்கும் ஒரே 8 மதிப்பெண் வழங்குகிறது. நடைமுறையில் முன்னவரது பணி சில மாதங்களில் முடியும். பின்னவரது பணி எத்தகையது என்பதற்கு உ.வே.சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பே சான்று. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப் பணியை ஏற்ற 1880இல் அவர் அந்நூலின்பால் ஈர்க்கப்பட்டார், அச்சேறியது 1887இல். இன்றைய மூன்றாண்டு மதிப்பீட்டுக் காலம் இரண்டு கழிந்தும் அப்பணி முடிந்திராது. முடிந்தபின் கிடைப்பதோ ஒற்றைக் கட்டுரையினும் குறைந்த மதிப்பெண்.

அகராதியின் நிலை இதனினும் கடினம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியர் எஸ்.வையாபுரிப்பிள்ளை. அகராதிப் பணியிலிருந்தே அவர் 1936இல் அப்பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் தலைமைக்கு வந்தார். அகராதி ஒருவரைத் துறைத்தலைமைக்கு உரியவராக்கிய காலம் அது. இன்று பலர் கூடிச் செய்யும் அத்தகைய பணியில் பத்தாண்டு உழைத்த இணைப்பேராசிரியர், விண்ணப்பத்தில் அதனை எந்த வகையின்கீழ் எழுதுவது எனத் துறை அலுவலகத்தில்தான் கேட்டறிய வேண்டும்.

விதியின் நியாயம்

மதிப்பெண் முறையை முற்றிலும் புறந்தள்ளுதல் பொருந்தாது. துறைத்தலைவரின் விருப்பு வெறுப்பே உயர்வைத் தீர்மானிக்கும் நிலைக்கு எண் ஓரளவு தடையாகிறது. சாதி, பரிந்துரை ஆகியவற்றின் செல்வாக்கை அறிந்த எவரும் இதனை எளிதில் மறுக்கமாட்டார். ஆறு வகைகளுள் மூன்றிலிருந்தேனும் மதிப்பெண் பெற வேண்டும் என்னும் நிபந்தனை, கட்டுரைகளை மட்டும் குவிப்பதைத் தடுக்கிறது. ஞானசாகரம் போலத் தாமே நடத்தும் இதழில் தாமே எழுதுவதை இன்று எவரும் சான்றாக ஏற்கச் சொல்லவும் இயலாது.

ஆயினும் 10 மதிப்பெண் பெறும் எளிய வழி கட்டுரை என்றானபின், கட்டணம் பெற்று விரைந்து வெளியிடும் இதழ்கள் பெருகியதில் வியப்பில்லை. தரமற்ற இதழ்களை விலக்க 2018இல் அறிவிக்கப்பட்ட ‘கேர்’ பட்டியலை மானியக்குழு 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இதழ்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு நிறுவனங்களிடம் வந்தது. நாற்பதுகளின் நடுவிலிருக்கும் இணைப்பேராசிரியர் முன் இரு பாதைகள் உள்ளன: சுவடி நூலகத்தில் ஐந்தாண்டு, அல்லது ஆண்டுக்கு இரு கட்டுரை. அவர் பின்னதைத் தெரிந்தால் அவரைக் குறைகூறுவதற்கில்லை. அவரது நெறியாள்கையில் சேரும் ஆய்வாளர்களும் பதிப்புத் தலைப்புகளைத் தவிர்ப்பர் என்பதுதான் கவலைக்குரியது. சுவடி வாசிப்பு ஒரு தலைமுறை விடுபட்டால் நூலைப் பார்த்து மீட்கக்கூடிய திறன் அன்று.

2025 வரைவு

2025 ஜனவரியில் வெளியான வரைவு விதிமுறைகள் மதிப்பெண் முறைக்கு மாறாக ஒன்பது பங்களிப்புக் களங்களைச் சுட்டி, அவற்றுள் நான்கிலேனும் பங்களிப்பைக் கோரின. இந்திய மொழிகளில் கற்பித்தல், இந்திய அறிவு மரபு ஆகியன அவற்றுள் அடங்கும். மூலபாடப் பதிப்பும் அகராதியும் பெயர் சுட்டப்படவில்லை. இந்திய அறிவு மரபு என்னும் களத்தில் பதிப்பைச் சேர்க்க இயலும் என வாதிடலாம். ஆனால் அவ்வாதத்தை ஏற்பது தேர்வுக்குழுவின் விருப்பத்தைப் பொறுத்தது. எண்முறை தவிர்க்க முயன்றதும் அவ்விருப்பத்தையே. தமிழ்நாட்டில் இவ்வரைவுக்கு எதிரான விவாதம் பெரிதும் துணைவேந்தர் நியமனத்தைச் சுற்றி எழுந்தது. 2025 ஜனவரி 9இல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. தொகுப்பாசிரியரையும் பதிப்பாசிரியரையும் வேறுபடுத்தும் ஒரு வரியை விதியில் சேர்க்கக் கோருவது அதனினும் சிறிய வேண்டுகோள். அதனைத் தமிழ்த்துறைகளே எழுத்தில் முன்வைக்க வேண்டியுள்ளது.