வீழ்ந்தவரா, அனுப்பப்பட்டவரா? ஜயவிஜயர்களும் மில்டனின் வானதூதரும்

இறைவனை எதிர்த்து வானுலகை இழந்த தூதர்களின் கதை மேலைநாட்டுச் சமய நூல்களில் பெருவழக்கு. அக்கதையைக் கற்றோர் சிலர், ஜயவிஜயர்களை 'நம் மரபின் வீழ்ந்த தூதர்கள்' என்று ஒப்பிட்டுரைப்பர். இவ்வொப்புமை மேல்நோக்கில் இனிது. ஆயினும், ஸ்ரீவைகுண்டம் புக்கார்க்கு மீளுதல் இல்லை என்னும் ஸித்தாந்தத்தையே இஃது அசைப்பதாதலின் ஆராயத்தக்கது.

ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டன் 1667இல் வெளியிட்ட காப்பியம், வெ.ப. சுப்பிரமணிய முதலியாரால் தமிழில் 'சுவர்க்க நீக்கம்' எனப் பெயர் பெற்றது. அதில் சாத்தான், திருமகனுக்குத் தந்தை அளித்த தலைமையைப் பொறாது, வானோருள் மூன்றில் ஒரு பங்கினரைத் தன்வசமாக்கிப் போர் தொடுத்து வீழ்கிறான். பின்னர் மலையுச்சியில் தனித்து நின்று, மனந்திரும்பலாமோ என எண்ணுகிறான். பணிதலே அதற்கு வழி என அறிந்தும், தன்னைப் பின்பற்றியோர் முன் நாணி மறுக்கிறான். பிறரால் வஞ்சிக்கப்பட்ட மனிதனுக்கு அருள் உண்டு, தாமே தம்மைக் கெடுத்துக்கொண்ட தூதர்க்கு இல்லை என்பது அக்காப்பியத்தின் தீர்ப்பு.

ஸ்ரீமத் பாகவதத்தின் மூன்றாம் ஸ்கந்தம் காட்டுவது வேறு. ஏழாம் வாயிலில் ஸநகாதி முனிவர்களைப் பிரம்பால் தடுத்த காவலர், சாபம் கேட்டவுடன் அடிபணிகின்றனர். அவர்கள் சாபநீக்கம் வேண்டவில்லை. கீழ்ப்பிறவிகளில் உழலும்போதும் எம்பெருமானை மறக்கும் மோஹம் தங்களுக்கு வாராதிருக்க வேண்டும் என்பதே வேண்டுகோள். சாத்தான் பணிய மறுத்த இடத்தில் இவர்கள் பணிந்தார்கள். ஒப்புமை இங்கேயே முறிகிறது.

இனி, அநாவ்ருத்தி பற்றிய ஐயம். முக்தனும் மீள விரும்பான், அவனை ஈச்வரனும் விடான் என்று ஸ்ரீபாஷ்யத்தின் முடிவில் எம்பெருமானார் நிலைநாட்டினார். அங்கு விலக்கப்படுவது கர்மத்தால் வரும் மீட்சியே. ஸ்வாமியின் ஸங்கல்பத்தால் நிகழும் இறக்கம் அன்று. அச்சாபம் தன்னாலேயே விதிக்கப்பட்டது என்றும், அதை மாற்ற வல்லவனாயினும் மாற்ற விரும்பவில்லை என்றும் எம்பெருமானே கூறுவதாகப் பாகவதம் தெளிவிக்கிறது. ஆகவே இவர்கள் வீழ்ந்தவர் அல்லர், அனுப்பப்பட்டவர்.

ஏழு பிறவி அன்பராயிருத்தல், மூன்று பிறவி பகைவராயிருத்தல் என்னும் இரண்டில் ஒன்றை அவர்களே தேர்ந்தார்கள் என்று உபந்யாஸங்களில் வழங்கும் கதை பாகவதத்தில் இல்லை. மூன்று பிறவி என்னும் எல்லை, முனிவர்களே இரங்கி அளித்ததாக ஏழாம் ஸ்கந்தம் கூறும். ஸ்ரீவிஷ்ணுபுராணமோ சிசுபாலன் பெற்ற பேற்றை விளக்குமிடத்து வாயிற்காவலரைக் குறிப்பிடவேயில்லை. ஹிரண்யகசிபுவும் ராவணனும் தம்மைக் கொன்றவனை எம்பெருமான் என்று அறியவில்லை. சிசுபாலன் பகையாலேனும் அவன் நாமங்களை இடைவிடாது சொன்னான் என்பதே பராசரரின் விடை. பேறு தந்தது த்வேஷம் அன்று, நினைவே. காவலர் வேண்டியதும் அந்நினைவே என்பதனால் இரு புராணங்களும் தம்முள் முரணா.

ஸங்கல்பம் அவனதாயின் குற்றம் எங்ஙனம் என்பார்க்கு, பாகவதம் கூறும் முறைவைப்பே விடை. எம்பெருமான் தன் ஸங்கல்பத்தை முதலில் சொல்லிப் பணியாளரைக் காக்கவில்லை. பிராட்டியுடன் நடந்தே வந்து, பணியாளர் செய்த பிழை தன் பிழையே என முனிவர்களிடம் பொறை வேண்டினான். ஸங்கல்பத்தைப் பின்னரே வெளியிட்டான். குற்றம் குற்றமாகவே நின்றது; அதைச் சுமந்தவன் ஸ்வாமி. சாத்தானின் குற்றம் இறைவனிடத்துச் செய்தது. காவலரின் குற்றம் அடியார்களிடத்துச் செய்தது. அவதாரச் செயல்களெல்லாம் பாகவதாபசாரம் பொறாமையால் விளைந்தவை என்று நஞ்சீயர் அருளியதை ஸ்ரீவசநபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் எடுத்துக் காட்டுவது இங்கே நினைக்கத்தக்கது. திருவாயிலருகே கைங்கர்யம் செய்வோர்க்கு அவ்வண்மையே அபசாரத்தினின்றும் காப்பாகாது.

1562இல் பிரூகல் தீட்டிய ஓவியத்தில் வீழும் தூதர்கள் பூச்சியும் மீனுமாய் உருத்திரிகின்றனர்; அவர்களுக்குத் திரும்பும் வழி தீட்டப்படவில்லை. ஜயவிஜயர்களோ இன்றும் பெருமாள் ஸந்நிதி வாயிலில் தம் இடத்திலேயே நிற்கின்றனர். அவர்களிடம் அநுமதி பெற்றே அடியார் உட்புகுகின்றனர்.