பச்சைத் தோலும் பல்கலைக்கழக மேடையும்

பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு ஆம்பூரிலிருந்து பெரியப்பாவை அழைத்துப் போயிருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது முக்கியமில்லை. தலைப்பு பறையைப் பற்றியது. பெரியப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றே வயசைக் கழித்தவர். சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை அடித்தவர். சிறப்பு விருந்தினரை வரவேற்க வாசலில் ஒரு பறைக்குழு. கார் வந்தது, அடித்தார்கள், விருந்தினர் உள்ளே போனார். குழு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பறையைப் பற்றிய பேச்சு உள்ளே, பறை வெளியே.

பேச்சாளர் படித்தவர், அதில் சந்தேகமில்லை. தொல்காப்பியம் கருப்பொருள் வரிசையில் பறையையும் வைக்கிறது என்று அவர் சொன்னபோது பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குப் புதுசு, சந்தோஷம். ஆனால் பறை செய்யும் முறைக்கு வந்தபோது, 'நன்கு பதனிட்ட தோலை' வேப்பமரச் சட்டத்தில் ஒட்டுவதாகச் சொன்னார். பெரியப்பா என் தொடையைத் தட்டினார்.

"இன்னாடா சொல்றாரு? பறைக்குப் போற தோல எவனாவது பதம் பண்ணுவானா? டிரம்முல போட்டு எடுத்தா மெத்துனு ஆயிடும், சத்தம் எங்கேர்ந்து வரும்? பச்சத்தோலுடா அது. முடிய எடுத்து, புளியங்கொட்டப் பசையில ஒட்டிக் காய வெக்கணும்."

டிரம் என்றால் எங்கள் பக்கத்தில் கொட்டு அல்ல; குரோம் கரைசலில் தோலைப் போட்டுச் சுழற்றும் மரப்பீப்பாய். பெரியப்பா சொன்னதைச் சபையில் சொல்ல வழியில்லை. நேரமின்மை காரணமாகக் கேள்வி நேரம் ரத்து. பொன்னாடைக்கு நேரம் இருந்தது. நன்றியுரை, நாட்டுப்பண், முடிந்தது. எம்.ஏ. தமிழ் படித்த நானும் எழுந்து கேட்கவில்லை. இந்தக் கட்டுரைக்கு அந்த மௌனம்தான் காரணம்.

இதை ஒரு தகவல் பிழை என்று தள்ளிவிடலாம். பிழை யாருக்கும் வரும். பிழையைத் திருத்தக்கூடிய ஆள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தும் அவர் வாயைத் திறக்க இடமில்லாத ஒரு வடிவத்தைப் 'பொதுச் சொற்பொழிவு' என்று அழைக்கிறோமே, அதுதான் பிரச்சினை. அறக்கட்டளைக்கு ஒருவர் முதல் போடுகிறார். வட்டியில் வருஷா வருஷம் ஒரு பேச்சு. தலைப்பும் ஆளும் துறையின் தேர்வு. மாணவர்கள் வருகைப்பதிவுக்காக உட்கார்கிறார்கள். புகைப்படம் 'நாக்' குழுவுக்கான கோப்பில் ஏறுகிறது. இந்தச் சுற்றில் கேட்பவர் தேவைப்படுவது தலைக்கணக்குக்கு மட்டுமே.

பேச்சு என்பதே இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. பழைய வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பகலில் கேட்ட கதையை இரவில் கண்ணால் பார்க்கிறார்கள். கலையைப் பற்றிய பேச்சும் கலையும் ஒரே ஊரில், ஒரே சனத்தின் முன்னால். வாணியம்பாடி முஷாயிராவில் சபை 'முக்கர்ரர்' என்று குரல் கொடுத்தால் கவிஞர் அந்த அடியைத் திரும்பச் சொல்ல வேண்டும். 1943இல் சென்னைச் சட்டக் கல்லூரியில் கம்பராமாயணத்தை எரிக்கலாமா என்பது பற்றி அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் ஒரே மேடையில் எதிரெதிரே பேசினார்கள். கல்வி நிறுவனம் பதிலுக்குப் பதில் பேச இடம் தந்தது. 1990களில் மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரி நடத்திய தலித் கலை விழாக்களில் பறை வரவேற்புக்கு வந்த வாத்தியமாக நிற்கவில்லை, விழாவே அதனுடையது. அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை இறையியலாகவே பேசியவர்.

இவற்றைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் வாசலில் சேரிக்கு எந்த இடம் என்று எங்களுக்குத் தெரியும். முஷாயிராவில் பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். ஆனாலும் அந்த வடிவங்களுக்குள் கேட்பவருக்கு ஒரு குரல் இருந்தது. பல்கலைக்கழகம் அதைப் பறித்துக்கொண்டு ஒலிபெருக்கியைக் கொடுத்திருக்கிறது.

தோல் 'பண்பாடு' ஆகும்போது நாற்றம் போய்விடுகிறது. பாலாற்றையும் தோல் கழிவையும் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்புச் சொன்னது. 'மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்' என்பது இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் எங்கள் ஆற்றின் வழக்குக்கும் பெரிய பங்கு உண்டு. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இதெல்லாம் 'சுற்றுச்சூழல்', 'தொழிலாளர் நலம்' என்று வேறு துறைகளுக்குப் போய்விடும். பறையில் ஒட்டிய தோல் மட்டும் தமிழ்த்துறைக்கு வரும். தோலை உரித்த கை, சுண்ணாம்பில் வெந்த கை, பறையை அடித்த கை எல்லாம் ஒரே சேரியின் கைகள் என்பதை இந்தத் துறைப் பிரிவினை மறைத்துவிடுகிறது.

அனுபவசாலிக்கு எல்லாம் தெரியும், ஆய்வாளருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தொல்காப்பியம் பெரியப்பாவுக்குத் தெரியாது. பச்சைத்தோல் பேச்சாளருக்குத் தெரியாது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் அறிவு உண்டாகும். அதற்குப் பெரிய புரட்சியெல்லாம் வேண்டாம். பேச்சு பாதி நேரம், கேள்வி பாதி நேரம். ஷாப்பு விட்ட பிறகு, சாயங்காலத்தில், ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் கூட்டம். பறைக்காரருக்கு வாசலில் அல்ல, மேடையில் நாற்காலி. பேச்சாளருக்கு எவ்வளவு தொகையோ அவருக்கும் அதே தொகை. அறக்கட்டளை விதிகளில் இதற்கெல்லாம் தடை இருப்பதாக யாராவது காட்டட்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பா கேட்டார்: "அடுத்த வருஷமும் கூப்புடுவாங்களா?" அவர் கேட்டது மரத்தடியில் உட்கார்ந்திருந்த பறைக்குழுவைப் பற்றி. நான் பேச்சாளரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொன்னேன்.