அஞ்சலட்டையில் ஒரு கோபுரம்

நூலொன்றை ஆராயப் புகுவார், அதனை ஆக்கியோன் யார், நூலின் பெயர் யாது, கேட்போர் யாவர், காலம் எது, பயன் என்ன என முதற்கண் வினவுதல் தமிழ் மரபு. சிறப்புப் பாயிரத்திற்கென நன்னூல் வகுத்த இவ்வினாக்கள் ஏட்டுக்கு மட்டுமே உரியன அல்ல. பழைய பட அஞ்சலட்டை ஒன்றையும் இவற்றைக் கொண்டு ஆராயலாம். ஆராயாது ஏற்பின், படம் பொய் கூறாமலேயே பார்ப்பவரைப் பிழையான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் விற்கப்பட்ட பட அஞ்சலட்டைகளில், சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோவிலும் இடம்பெற்றது. சாலையோரத்தில் உயர்ந்து நிற்கும் கோபுரம். அதன்முன் வண்டிகளும் வழிப்போக்கரும். ஓரத்தில் ‘இந்துக் கோவில், சிங்கப்பூர்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி. இதுவே அவ்வகை அட்டைகளின் பொது அமைப்பு.

முதலில் பெயரை நோக்குவோர்க்கு ஒரு குறை புலனாகும். சிறப்புப் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் பொதுப் பெயர் நிற்கிறது. 1819இல் பினாங்கிலிருந்து ராபிள்சுடன் வந்து, செங்கற்சூளை நடத்திய நாராயண பிள்ளை முன்னின்று, 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் எழுப்பிய கோவில் அது. சிங்கப்பூரின் இந்துக் கோவில்களுள் மிகப் பழமையானது. அம்மனின் பெயரும் இல்லை. அமைத்தவர் பெயரும் இல்லை. கோபுரத்தைப் ‘பகோடா’ என்றழைத்து, அருகிலுள்ள தெருவுக்கும் அப்பெயரையே இட்ட பார்வைதான் அட்டையின் வாசகத்திலும் வெளிப்படுகிறது.

இதற்குக் காரணம் ஆக்கியோரையும் கேட்போரையும் நோக்கின் விளங்கும். 1867இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட லாம்பர்ட் நிழற்பட நிலையம் போன்றவை இத்தகைய அட்டைகளை வெளியிட்டன. வாங்கியோருள் பலர் கப்பற் பயணிகளும் ஐரோப்பிய அலுவலர்களும் ஆவர். தொலைவிலிருந்த உறவினர்க்கு ஒரு புதுமையைக் காட்டுவதே அவர்தம் நோக்கம். ஆகவே படப்பெட்டி வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டது. புதிதாய்க் கரையேறிய தமிழர்க்குப் புகலிடமாகவும், தீமிதித் திருவிழாவின் களமாகவும் விளங்கிய கோவிலின் உள்வாழ்வு அதன் கண்ணுக்கு எட்டவில்லை. வண்ணத்தையும் நம்புவதற்கில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களுக்கு, கோவிலைக் கண்டறியாத தொலைநாட்டு அச்சகத்தார் நிறம் தீட்டியதும் உண்டு.

காலத்தை அறிவதற்கு அட்டையே துணைசெய்கிறது. 1903இல் எழுந்த கோபுரம் மெலிந்தது, சிற்பங்கள் குறைந்தது. இன்றுள்ள கோபுரம் 1925இல் எழுப்பப்பட்டது. படத்திலிருப்பது எதுவென்று கண்டாலே காலத்தின் எல்லை ஒருவாறு சுருங்கிவிடும். தண்டவாளம் தென்படின், சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிய 1905ஆம் ஆண்டையும் கருதவேண்டும். பின்புறத்தைச் செய்திக்கும் முகவரிக்குமாக இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் பிரிட்டனில் 1902இல்தான் ஏற்கப்பட்டது. அதற்குமுன் செய்தியைப் படத்தின் பக்கத்திலேயே எழுதவேண்டியிருந்தது. ஆனால் அஞ்சல் முத்திரை காட்டுவது அட்டை அனுப்பப்பட்ட நாளை மட்டுமே. படம் எடுக்கப்பட்ட நாளை அன்று. பழைய படங்கள் பல்லாண்டுகள் விற்பனையில் இருந்தன. இவ்வேறுபாட்டை மறந்தோர், இல்லாத கோபுரத்தை இருந்ததாகக் கூறும் பிழைக்கு ஆளாவர்.

எஞ்சியது பயன். மேற்கூறிய குறைகளைக் காட்டி அட்டையை ஒதுக்கிவிடுதல் முறையன்று. 1903ஆம் ஆண்டுக் கோபுரம் இன்று இல்லை. 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டபோதும் நின்றது பிற்காலக் கோபுரமே. மறைந்த அதன் உருவத்தை இன்றும் காட்டுவன இத்தகைய படங்களே. பெயரை மறந்த அட்டை வடிவத்தைக் காத்தது. கல்லுக்கும் சுதைக்கும் அது நல்ல சாட்சி. மனிதர்க்கோ அரைச் சாட்சி.

வகுப்பறையிலும் மலர்களிலும் இப்படங்களை எடுத்தாள்வோர், ‘பழைய சிங்கப்பூர்’ என்று மட்டும் எழுதி அமைவாராயின், அன்றைய அட்டை செய்த பிழையையே தமிழிலும் செய்தவராவர். கோவிலின் பெயர், கோபுரத்தின் காலம், கட்டியோர் வரலாறு ஆகிய மூன்றையும் உடன் எழுதுதல் வேண்டும். பிறர் எடுத்த படத்துக்கு உரியோர் எழுதும் உரை அதுவே. உரையின்றி வழங்கும் படம், எத்துணைப் பழமையதாயினும், வரலாறு ஆகாது.