137 குழந்தைகள், அப்புறம்?

2020-ல் பிளாஸ் நெக்லெக்டட் டிராபிகல் டிசீசஸ் இதழில் வந்த ஒரு ஆய்வுக்கட்டுரையை இந்த வாரம் மறுபடியும் வரிவரியாகப் படித்தேன். இந்தியாவில் பிறவி ருபெல்லா நோய் பற்றியது. சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் மனோஜ் முர்ஹேகரும் குழுவினரும் எழுதியது. வேலூர் சிஎம்சி உட்பட ஐந்து பெரிய மருத்துவமனைகளில் திரட்டிய தகவல். கவனமாகச் செய்த வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனா அதில் வரும் சில எண்களை எப்படிப் படிக்கக் கூடாது என்று எழுதி வெச்சுக்கணும்னு தோணுச்சு.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ருபெல்லா நமக்கு வந்தா லேசான காய்ச்சல், ரெண்டு மூணு நாள் தடிப்பு, அவ்வளவுதான். கர்ப்பத்தின் முதல் மூணு மாசத்தில் தாய்க்கு வந்தால்தான் வினை. வைரஸ் கருவுக்குள் போய், உறுப்புகள் உருவாகிற நேரத்தில் கண், இதயம், காது, மூளை என்று எதை வேண்டுமானாலும் கெடுக்கும்.

2016 டிசம்பரிலிருந்து 2018 டிசம்பர் வரை, சந்தேகத்துக்கு உரிய 645 குழந்தைகளில் 137 பேருக்கு நோய் பரிசோதனையில் உறுதியானது. அவர்களில் இதயக் கோளாறு 78.8 சதவீதம், கண் கோளாறு 59.9, காது கேளாமை 38.6. ரெண்டு வருஷத்தில் 33 குழந்தைகள் இறந்துபோயின.

மேலோட்டமாகப் பார்த்தால், ருபெல்லா முக்கியமாக இதயத்தைத் தாக்கும், காது மூணாவது இடம்னு தோணும். இங்கதான் எனக்கு இடிக்குது. பிறவி ருபெல்லாவில் தனியாகவும் பரவலாகவும் வருவது காது கேளாமைதான் என்பது மருத்துவப் புத்தகங்கள் எல்லாம் சொல்வது. அப்புறம் ஏன் 38.6?

நோயைப் பார்ப்பதற்கு முன்னாடி, குழந்தை எந்த வாசல் வழியா உள்ளே வந்ததுன்னு பார்க்கணும். இந்தக் கண்காணிப்பு ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும். கருவிழி வெள்ளையாக இருந்தால் தாயே கண்டுபிடித்துவிடுவாள். பால் குடிக்கையில் மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். காது மட்டும் கேட்கலைன்னா? குழந்தை சிரிக்கும், தவழும், முகம் பார்க்கும். ஒரு வயசு தாண்டியும் பேச்சு வரலைன்னா, "விடு சாமி, அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்" என்று நம்ம ஊர்ப் பெரியவங்க சமாதானம் சொல்வாங்க. போதாததுக்கு, பிறந்தபோது சரியாக இருந்த காது பின்னால் மங்கிப்போவதும் இந்த நோயில் உண்டு. ஆக, காது மட்டும் பாதிச்ச குழந்தை அந்த ஐந்து மருத்துவமனைகளின் கணக்குக்குள் வர வாய்ப்பே குறைவு.

இது புதுசும் இல்லை. 1941-ல் சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக் இந்த நோயை முதலில் எழுதியபோது அவர் கண்டது கண்புரையும் இதயக் கோளாறும்தான். காது கேளாமை அடுத்தடுத்த வருஷங்களில், அதே குழந்தைகள் வளர்ந்து பேச்சு வராமல் நின்றபோதுதான் வெளியே வந்தது. எண்பது வருஷம் கழித்து நம்ம எண்களும் அதே வரிசையில் நிற்கின்றன.

தாமதமாக வந்தால் திரும்பிப் போய்ச் சரிபார்க்கவும் வழியில்லை. ரத்தத்தில் இருக்கும் ஐஜிஎம் எதிர்ப்புப் புரதம் பெரும்பாலும் ஒரு வயசுக்குள் மறைந்துவிடும். ஒன்பதாவது மாசம் போடும் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசிக்குப் பிறகு ஐஜிஜி இருந்தால், அது ஊசியால் வந்ததா கருவிலேயே வந்ததா என்று பிரிக்க முடியாது. ரெண்டரை வயசில் காது கேட்காமல் வரும் குழந்தையின் சீட்டில் "காரணம் தெரியவில்லை" என்றுதான் எழுத முடியும்.

மூளை வளர்ச்சி இன்னும் சிக்கல். நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ், 1964 கொள்ளைநோயின்போது கருவில் பாதிக்கப்பட்ட 243 குழந்தைகளைப் பார்த்து, 18 பேருக்கு முழுமையான அல்லது பகுதி ஆட்டிசம் இருப்பதாக 1971-ல் எழுதினார். சில வருஷம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது சிலர் தேறியிருந்தார்கள், புதிதாகச் சிலருக்கு வந்திருந்தது. மறுபக்கம், கிரெக் பார்த்தவர்களில் ஐம்பது பேரை 25 வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவில் தேடிப் பார்த்தபோது, காது கேளாவிட்டாலும் பெரும்பாலோர் வேலையில் இருந்தார்கள். அறுபது வயசு வாக்கில் அதே குழுவில் நீரிழிவும் தைராய்டு கோளாறும் அதிகம் தென்பட்டன. ஒரு வயசில் எடுத்த போட்டோவில் இதில் எதுவும் தெரியாது.

கட்டுரைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. தடுப்பூசி வேலை செய்கிறதா என்று அளக்கத்தான் இந்தக் கண்காணிப்பு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாசம் முதல் பதினைந்து வயசு வரை ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் எத்தனை வதந்தி ஓடியதுன்னு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நேரத்தில் உறுதியான எண்கள் தேவைப்பட்டன. உண்மையில் என் வாதம் ஊசிக்குத்தான் பலம் சேர்க்கிறது: இந்த எண்கள் நோயின் சுமையைக் குறைத்தே காட்டுகின்றன.

ஆனா தடுப்பூசியை அளப்பது வேறு, குழந்தையை அளப்பது வேறு. 137-ல் 33 போக 104. அவங்க இப்போ பள்ளிக்கூடம் போகிற வயசு. காதுக்கருவி கிடைச்சுதா, பேச்சுப் பயிற்சி கிடைச்சுதா, எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்காங்க என்பதற்கு இந்தக் கட்டுரையில் பதில் இல்லை.

இதுக்குப் புதுசா எதையும் கட்ட வேண்டியதில்லை. 2013-லிருந்து ஆர்பிஎஸ்கே திட்டம் இருக்கு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு எங்கே போனாலும் அதன் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை, பள்ளிக்கு ஒரு தடவை வரணும். பதினெட்டு வயசு வரை பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம் எல்லாம் அதில் பதிவாகும். முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்பிளான்ட் போட்ட குழந்தைகளின் பதிவு தனியா இருக்கு. ருபெல்லா பதிவேட்டை இந்த ரெண்டோடும் இணைத்தால் போதும். டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவனா சொல்றேன், இது கஷ்டமான ஜாயின் இல்லை. ஒரு வயசில் ஃபைலை மூடக்கூடாது என்று யாராவது முடிவு எடுக்கணும், அவ்வளவுதான்.